"படம்" என்று மட்டும் சொல்லுது: பதிவு போய்ச் சேராதபோது பார்க்க வேண்டிய இடங்கள்

கோயில் கொடியேற்றம், கழகத்தின் இரத்ததான முகாம், டியூசன் நேர மாற்றம், மரண அறிவித்தல், குழாயில் தண்ணீர் வராத நாள். திருகோணமலையில் இதெல்லாம் இப்போது முதலில் வருவது பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும்தான். எத்தனை லைக் விழுந்தது என்று பக்கத்தை நடத்துகிறவருக்குத் தெரியும். யாருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்பது, பாதிக்கப்பட்டவர் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோருக்குப் பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது போன்றவற்றில் ஏதாவது ஒன்றில் சிரமம் இருக்கிறது. அவர்களில் பலர் உங்கள் பக்கத்தையும் பார்ப்பவர்கள்தான்.

கீழே இருப்பது, வருகிற முறைப்பாடுகளை வைத்து எழுதிய வழிமுறை. உங்களுக்கு வந்த முறைப்பாடு எதுவோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஆனால் முதல் சோதனையை எல்லோரும் ஒருமுறை செய்து பாருங்கள்.

எதற்கும் முதல்: உங்கள் பதிவை நீங்களே காதால் கேளுங்கள்

அண்ட்ரொய்ட் போனில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில் டோக்பேக் இருக்கும். ஐபோனில் அதன் பெயர் வாய்ஸ்ஓவர். விழிப்புலனற்றவர்கள் போனைப் பாவிப்பது இவற்றை வைத்துத்தான்: திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் இவற்றுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். டோக்பேக்கைப் போட்டதும் போன் சொல்வழி கேட்காததுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒருமுறை தட்டினால் வாசிக்கும், இருமுறை தட்டினால் திறக்கும், திரையை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். போடுவதற்கு முன்பே குறுக்குவழியை இயக்கி வைத்துக்கொண்டால், சத்தம் கூட்டிக் குறைக்கும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்தி நிறுத்தலாம். இதைச் செய்யாமல் போட்டுவிட்டு, நிறுத்தத் தெரியாமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு.

இப்போது உங்கள் பக்கத்தின் கடைசிச் சில பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். என்ன நிகழ்ச்சி, எங்கே, எப்போது என்பது காதில் விழுந்ததா? இல்லையென்றால் பதிவில் கோளாறு இருக்கிறது. கேட்டவர் மேல் தவறில்லை.

முறைப்பாடு: "படம் என்று மட்டும் சொல்லுது"

அதிகமாக வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காரணம் எளிது. செய்தி முழுவதும் சுவரொட்டி போல ஒரு படத்துக்குள் இருக்கிறது, பதிவில் எழுத்து ஒன்றுமில்லை. அல்லது "அனைவரும் வருக" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. திரைவாசிப்பானுக்குப் படத்துக்குள் இருக்கும் எழுத்து எழுத்தே அல்ல, வெறும் நிறப்புள்ளிகள். பேஸ்புக் 2016 முதல் படங்களுக்குத் தானாகவே ஒரு விவரிப்பைப் போடுகிறது. அது ஆட்கள், கடல், மரம் என்று ஓரளவு ஊகிக்கும். தமிழ்ச் சுவரொட்டியில் நேரத்தையும் இடத்தையும் எடுத்துத் தரும் என்று அதை நம்பியிருக்க முடியாது.

மரண அறிவித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் போட்டோ, சுற்றிலும் பூ வேலைப்பாடு, கீழே "திருகோணமலை மனையாவெளியைப் பிறப்பிடமாகவும் உப்புவெளியை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நீண்டு, கடைசியில்தான் இறுதிக்கிரியை நேரம். கண் தெரியாத ஒருவர் இதைத் தொட்டால் "படம்" என்கிறது போன். ஊரில் யாரோ போய்விட்டார் என்பது கீழே வரிசையாக வரும் "ஆழ்ந்த அனுதாபங்கள்" கருத்துகளிலிருந்து விளங்கும். யார் என்று விளங்காது. செத்த வீட்டுக்குப் போகாதது இங்கே சாதாரண விடயம் இல்லை. அவர் போகாததற்குக் காரணம் ஒரு படம் என்று அந்த வீட்டாருக்குத் தெரியப்போவதும் இல்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் குழுக்களில் ஜனாஸா அறிவித்தல் நாலு வரி எழுத்தாக வரும்போது இந்தச் சிக்கல் இல்லை. அடக்கம் சீக்கிரம் நடக்க வேண்டும் என்பதால் பெயர், வீதி, தொழுகை நேரம் என்று சுருக்கமாகத் தட்டிவிடுகிறார்கள். அதை எந்தப் போனும் வாசிக்கும்.

திருத்தும் வழி இரண்டு. ஒன்று, ஆல்ட் டெக்ஸ்ட் எனப்படும் மாற்றுரை. பேஸ்புக்கில் போட்ட படத்தைத் திறந்து மூன்று புள்ளிகளைத் தட்டினால் மாற்றுரையைத் திருத்தும் தெரிவு வரும். இன்ஸ்டகிராமில் பதிவைத் திருத்தப் போனால் படத்தின் மேலேயே வரும். எக்ஸ் தளத்தில் படத்தைச் சேர்த்ததும் ஓரத்தில் அதற்கான பொத்தான் தெரியும், 1000 எழுத்துகள் வரை எழுதலாம். இரண்டாவது வழி, படத்தில் உள்ள செய்தியைப் பதிவின் எழுத்திலேயே தட்டிவிடுவது.

அறிவித்தல்களுக்கு இரண்டாவது வழிதான் சரி என்பேன். மாற்றுரை அந்தப் பதிவோடு ஒட்டிக்கொண்டிருப்பது. நம் ஊரில் ஒரு சுவரொட்டி பேஸ்புக்கில் நிற்பதில்லை. யாராவது தரவிறக்கி வாட்ஸ்அப்பில் போடுவார், அங்கிருந்து இன்னும் பல குழுக்களுக்குப் போகும். முதல் தாவலிலேயே மாற்றுரை கழன்றுவிடும். வாட்ஸ்அப்பில் மாற்றுரை எழுத இடமும் கிடையாது, படத்தோடு போகும் கெப்ஷன்தான் உண்டு. தட்டிய எழுத்தை யாரும் கொப்பி பண்ணி ஒட்டலாம், தேடலாம், பார்வை மங்கியவர் பெரிதாக்கிப் படிக்கலாம், தமிழ் வாசிக்கத் தெரியாத சிங்கள நண்பர் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்க்கலாம். சுவரொட்டி அழகுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் மீண்டும் தட்டப் பஞ்சியாக இருந்தால், கூகுள் லென்ஸ் தமிழ் எழுத்தைப் படத்திலிருந்து எடுத்துத் தரும். பெயர்களையும் நேரத்தையும் மட்டும் ஒருமுறை சரிபாருங்கள், அங்கேதான் அது தடுமாறும்.

சாதாரணப் போட்டோவுக்கு மாற்றுரையே போதும். "அழகிய காட்சி" என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. "பிரட்ரிக் கோட்டைப் பாதையில் மரநிழலில் மூன்று மான்கள் படுத்திருக்கின்றன, பக்கத்தில் ஒரு முச்சக்கரவண்டி நிற்கிறது" என்றால் படம் மனதில் வந்துவிடும். "இந்தப் படத்தில்" என்று தொடங்க வேண்டியதில்லை, படம் என்பதைப் போன் ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

முறைப்பாடு: "தமிழ்தான் தெரியுது, ஆனால் எம், கே, செமிகோலன் என்று வாசிக்குது"

பெரும்பாலும் பிடிஎப் கோப்புகளில் வரும் கோளாறு இது. காரணம் பாமினி. அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்றும் பலர் தட்டச்சு செய்வது பாமினி எழுத்துருவில். அதில் திரையில் "அம்மா" என்று தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். எழுத்துரு மேலே தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. கண்ணுக்கு வேஷம் போதும், காதுக்குப் போதாது.

சோதனை: அந்தக் கோப்பிலிருந்து ஒரு வரியை கொப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் அது யுனிகோட், அதாவது எந்தக் கருவியும் தமிழாகவே அறியும் எழுத்துமுறை; பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. ஆங்கிலக் குப்பையாக விழுந்தால் பாமினி. ஒன்றுமே கொப்பி ஆகவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம், மேலே உள்ள பகுதிக்குப் போங்கள்.

மாற்றுவது சின்ன வேலை. பாமினியை யுனிகோடாக மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. இனிமேல் தட்டுவதற்கு, பழகிய பாமினி விசை அமைப்பிலேயே யுனிகோட் எழுத்து விழச் செய்யும் மென்பொருள்கள் உண்டு. "இத்தனை வருடமாகப் பழகிய கை" என்று சொல்லும் தட்டச்சாளரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: கை மாற வேண்டாம். இந்தப் பாமினிப் பழக்கம்தான் நம்மை இவ்வளவு காலம் எல்லாவற்றையும் படமாகப் போட வைத்தது என்பது என் ஊகம். ஒட்டினால் குப்பையாக விழுகிறது, அப்போ படமாகவே போட்டுவிடுவோம் என்று தொடங்கியது அப்படியே நின்றுவிட்டது.

முறைப்பாடு: "தமிழ் வரும்போது மட்டும் சத்தம் இல்லை"

இது அநேகமாகக் கேட்பவரின் போனில் உள்ள கோளாறு. ஆங்கிலமும் இலக்கங்களும் வாசிக்கப்பட்டு, தமிழ் வரிகள் மௌனமாகத் தாண்டிப் போனால், தமிழ்க் குரல் நிறுவப்படவில்லை என்று அர்த்தம். அண்ட்ரொய்டில் உரையைப் பேச்சாக்கும் அமைப்புக்குள் போய்த் தமிழ்க் குரல் தரவை இறக்கினால் சரியாகிவிடும். விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானோடு வரும் குரல் தமிழையும் வாசிக்கும். இயந்திரக் குரல்தான், ஆனால் பழகிவிடும்.

குரல் இருந்தும் உளறுகிறது என்றால் உங்கள் எழுத்தைப் பாருங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தால் போன் அதை ஆங்கிலமாக நினைத்து வாசித்து, மனிதர் யாருக்கும் விளங்காத ஒரு மொழியை உண்டாக்கும். நண்பர்களுக்குள் எப்படியும் எழுதுங்கள், பொது அறிவித்தலைத் தமிழ் எழுத்தில் போடுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டுமானால் ஒவ்வொன்றையும் தனிப் பந்தியாகப் பிரித்துவிடுங்கள். ஒரே வரியில் மூன்றையும் கலந்தால் குரல் தடக்கித் தடக்கிப் போகும்.

சின்னச் சின்ன எரிச்சல்கள்

கைகூப்பும் ஈமோஜி பத்தை வரிசையாகப் போட்டால் திரைவாசிப்பான் அதைப் பத்து முறை சொல்லக்கூடும். ஒன்று போதும், அதுவும் வரியின் கடைசியில். நட்சத்திரம், பூ, கோடு போட்டு அலங்கரிக்கும் தலைப்புகளுக்கும் இதே கதிதான்.

ஹேஷ்டேக்கில் ஆங்கிலத்துக்குச் சொல்லும் அறிவுரை, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாக்குவது. தமிழில் பெரிய எழுத்து ஏது? அடிக்கோடு போட்டுப் பிரியுங்கள்: #திருகோணமலை_இரத்ததானம். ஒட்டி எழுதினால் கண்ணால் படிப்பவருக்கே மூச்சு வாங்கும்.

"பி.ப. 4.00" என்பதைப் பல குரல்கள் எழுத்தெழுத்தாக, புள்ளி புள்ளியாக வாசிக்கும். "மாலை 4 மணி" என்று எழுதுங்கள். திகதியையும் புள்ளி வைத்த இலக்கமாகப் போடாமல் மாதத்தின் பெயரோடு எழுதுங்கள்.

முறைப்பாடு: "வீடியோவில் என்ன சொல்லினம் என்று விளங்கேல்லை"

செவிப்புலனற்றவரிடமிருந்து வந்தால் எழுத்து இல்லை என்று பொருள். காது நன்றாகக் கேட்பவரிடமிருந்தும் இதே முறைப்பாடு வரும். பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர், பின்னணியில் பாட்டு ஓங்கி ஒலித்துப் பேச்சே அமுங்கிப்போன வீடியோவைப் பார்ப்பவர். இருவருக்கும் மருந்து ஒன்றே: பேசுவதை எழுத்தாகக் கீழே போடுவது.

தானாக வரும் எழுத்தை நம்பி விட்டுவிடாதீர்கள். நம்முடைய பேச்சுத்தமிழையும், குச்சவெளி, தம்பலகாமம், வெருகல் போன்ற ஊர்ப்பெயர்களையும் அது எப்படி எல்லாம் எழுதும் என்று ஒருமுறை பார்த்தால் சிரிப்பு வரும், அப்புறம் கவலை வரும். தானாக வந்ததை வரைவாக வைத்துக்கொண்டு திருத்துங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரியைப் பொருள் முடியும் இடத்தில் உடையுங்கள். ரீல்ஸ், டிக்டொக் இரண்டிலும் திரையின் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் அவற்றின் பொத்தான்களே பிடித்துக்கொள்ளும், அதனால் எழுத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றி வையுங்கள். ஒவ்வொரு சொல்லாகத் துள்ளித் துள்ளி நிறம் மாறி வரும் எழுத்து இப்போது நாகரிகம். மெதுவாகப் படிப்பவருக்கு அது துன்பம், ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. சாதாரணமாக நின்று போகும் எழுத்தே நல்லது.

பேச்சை மட்டும் எழுதினால் போதாது. தேர் புறப்படும் வீடியோவில் மேளம் உச்சத்துக்குப் போவதும், கூட்டம் "அரோகரா" என்று குரல் எழுப்புவதும் செய்தியின் ஒரு பகுதி. அதையும் ஒரு சொல்லில் குறியுங்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. பிறவியிலேயே காது கேளாத பலருக்கு முதல் மொழி சைகை மொழி. எழுத்துத் தமிழ் பள்ளியில் படித்த இரண்டாம் மொழி. "மேற்படி விடயம் தொடர்பில் சம்பந்தப்பட்ட பயனாளிகள் யாவரும் தவறாது சமுகமளிக்குமாறு" என்று போனால் எழுத்து இருந்தும் பயனில்லை. "வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு வாருங்கள். அடையாள அட்டை கொண்டு வாருங்கள்." முடிந்தது. உண்மையில் அந்த அலுவலகத் தமிழ் காது கேட்பவருக்கும் விளங்குவதில்லை, நாம் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். முக்கியமான அறிவித்தல் என்றால் சைகை மொழி தெரிந்தவரை வைத்து ஒரு வீடியோ எடுங்கள். எடுக்கும்போது ஆளின் கையும் முகமும் இடுப்புவரை சட்டத்துக்குள் இருக்கட்டும்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். கடலைப் பின்னால் வைத்துப் பேசுவது திருகோணமலைக்காரருக்குத் தவிர்க்க முடியாத ஆசை. காலையில் டச்சு விரிகுடாப் பக்கம் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கருநிழலாகிவிடும், உதட்டசைவு பார்த்துப் புரிந்துகொள்பவர் தொலைந்தார். திரும்பி நில்லுங்கள், அல்லது மாலையில் எடுங்கள்.

முறைப்பாடு: "குழுவில் குரல் பதிவு மட்டும்தான் வருது"

இது மேலே உள்ளதன் வாட்ஸ்அப் வடிவம். தட்டச் சோம்பல், பேசி அனுப்பிவிடுகிறோம். குரல் பதிவோடு இரண்டு வரி எழுத்துச் சுருக்கமும் போக வேண்டும் என்பதைக் குழுவின் விதியாக்குங்கள்.

அனர்த்த நேரத்தில் இது உயிர்ப் பிரச்சினை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் கரையைக் கடந்தது திருகோணமலை மாவட்டத்தில்தான். அப்படி ஒரு இரவில் "எல்லோரும் பாடசாலைக்கு வாங்கோ" என்ற குரல் பதிவு காது கேளாதவருக்கு இல்லாததற்குச் சமம், சிவப்புக் கோடு போட்ட வரைபடம் கண் தெரியாதவருக்கு இல்லாததற்குச் சமம். எழுத்து இரண்டு பேருக்கும் உதவும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் போடுகிறோம், நல்லது. அழைத்துப் பேச முடியாதவருக்காகக் குறுஞ்செய்தி அனுப்பக்கூடிய உள்ளூர்த் தொண்டர் ஒருவரின் இலக்கத்தையும், அவருடைய சம்மதத்தோடு, சேர்த்துப் போடுங்கள்.

முறைப்பாடு: "'இங்க பாருங்க' என்றால் எங்கே?"

கோணேஸ்வரம் வீடியோக்களில் கேட்கிற வசனம்: "அந்தப் பக்கம் பாருங்க, எவ்வளவு அழகு!" கண் தெரியாதவருக்குக் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். சைகை காட்டும் இடத்தில் பெயரையும் சொல்லிவிட்டால் போதும்: "வலது பக்கம் இராவணன் வெட்டு, பாறை இரண்டாகப் பிளந்து கீழே கடல் வரைக்கும் போகுது." தனியாக விவரணைக் குரல் சேர்க்கும் வேலையே இல்லாமல் போய்விடும். வெறும் பாட்டும் காட்சியும் மட்டுமான வீடியோ என்றால் என்ன காட்சி என்று பதிவில் இரண்டு வரி எழுதுங்கள்.

முறைப்பாடு: "எழுத்து கண்ணுக்குப் பிடிபடேல்லை"

மஞ்சளில் வெள்ளை, கறுப்பில் கடும் சிவப்பு, சாமி படத்தின் மேல் பொன்னிற எழுத்து. குற்றவாளி இவர்களில் ஒருவர். இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. இதை அளந்து தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. கருவி இல்லாமலும் பார்க்கலாம்: போனின் வெளிச்சத்தைக் குறைத்து, நண்பகல் வெயிலில் பிடித்துப் பாருங்கள். போட்டோவின் மேல் எழுத வேண்டுமானால் எழுத்துக்குப் பின்னால் ஒரு கட்டம் போடுங்கள்.

வரைபடத்திலோ அட்டவணையிலோ சிவப்பும் பச்சையும் மட்டும் வைத்து "மூடிய பாதை, திறந்த பாதை" என்று காட்டாதீர்கள். நிறக்குருட்டில் அதிகம் காணப்படுவது இந்த இரண்டும் குழம்புவதுதான். பக்கத்தில் சொல்லையும் எழுதுங்கள்.

முறைப்பாடு: "வீடியோ பார்த்துத் தலை சுத்துது"

மின்னி மின்னி அடிக்கும் வெளிச்சம். ஒரு விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் காட்சி, ஒளிக்கு வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. 1997இல் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சியைப் பார்த்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனது இதனால்தான். எடிட்டில் அந்த எபெக்டை எடுத்துவிடுங்கள். முன்னெச்சரிக்கை வரி போட்டால் போதும் என்பார்கள். தானாக ஓடத் தொடங்கும் வீடியோவில் எச்சரிக்கையைப் படிப்பதற்குள் வெளிச்சம் அடித்துவிடும்.

முறைப்பாடு: "படி இருக்கா? வீல்செயார் போகுமா?"

ஒவ்வொரு நிகழ்ச்சிப் பதிவின் கீழும் இதே கேள்வி வந்தால், பதிவில் இருக்க வேண்டிய ஒரு வரி இல்லை. மண்டபத்தில் படி எத்தனை, சாய்தளம் உண்டா, கழிப்பறைக் கதவு அகலமா, வாகனம் வாசல்வரை வருமா. கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒரு பயணம் என்றால் கிணற்றடி எப்போதும் ஈரம் என்பதையும், புறாத் தீவு என்றால் நிலாவெளியிலிருந்து படகில் ஏறி இறங்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வசதி இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். "எல்லா வசதியும் உண்டு" என்று நம்பி வந்து வாசலில் திரும்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த வரிசையில் இல்லாத முறைப்பாடு வந்தால்

சொன்னவரிடம் திருப்பிக் கேளுங்கள்: எந்தப் போன், எந்தச் செயலி, சரியாக என்ன கேட்டது அல்லது தெரிந்தது? முடிந்தால் திரைப்பதிவு ஒன்று அனுப்பச் சொல்லுங்கள், டோக்பேக்கின் குரலோடு. அதற்கிடையில் செய்தியை அவருக்குத் தனியாக எழுத்திலோ குரலிலோ சொல்லிவிடுங்கள், பதிவைத் திருத்தும்வரை அவரைக் காக்க வைக்காமல். திருத்தியதும் அவரிடமே மறுபடி சோதிக்கச் சொல்லி, சரி என்று அவர் சொன்ன பிறகு முறைப்பாட்டை மூடுங்கள்.